ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கட்டும் சிவப்பு விளக்கு!

''என் கணவர் சைக்கிளில் மீன் வியாபாரம் செய்கிறார். விடியற்காலை 3 மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலை வழியாகக் காசிமேட்டுக்குப் போய், ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றி வருகிறார். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். 500 ரூபாய்க்குள் என்ன விளக்கு வாங்கலாம்?'' என்று காத்திவாக்கம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் செலவு பின்பக்கச் சிவப்பு விளக்குக்குத்தான். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்விளக்கு எவ்வளவு தூரம் அடிக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். தெருவிளக்கு எரிகிற சாலையில் ஓட்டுகிறவருக்கு வழி ஓரளவு தெரிந்துவிடும். பின்னால் வரும் டிரெய்லர்காரருக்கு சைக்கிள் தெரிய வேண்டுமே!

கடையில் கிடைக்கும் பின்விளக்குகள் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே உள்ள கம்பியில் மாட்டும்படி இருக்கும். கேரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டியதும் அது பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். விளக்கு எரியும், ஆனால் யாருக்கும் தெரியாது. கீரைக்கட்டு, பால் கேன், புல்லுக்கட்டு ஏற்றுகிற விவசாயிகளுக்கும் இதே கதைதான். அதனால் விளக்கைப் பின் மட்கார்டின் அடிப்பகுதியில் பொருத்துங்கள். இல்லையென்றால் பெட்டியின் பின்பக்கத்திலேயே பட்டை போட்டு இறுக்குங்கள். கூடவே, லாரிகளில் ஒட்டும் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரைப் பெட்டியின் அகலத்துக்கு ஒட்டிவிடுங்கள். செல் தீர்ந்தாலும், லாரியின் வெளிச்சம் பட்டால் அது மின்னும்.

பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர் உடைந்திருந்தால் மாற்றுங்கள். அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் போவது சைக்கிள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். ரிஃப்ளெக்டர்களுக்குத் தரச்சான்று வேண்டும் என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. வாங்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மினுக்கும் விளக்கு கண்ணை இழுக்கும். ஆனால், இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது சிரமம். ஜெர்மனியில் சைக்கிளுக்கு மினுக்கும் விளக்கைச் சட்டமே அனுமதிப்பதில்லை. நிலையாக எரியும்படி வைப்பதே நல்லது.

மீதிப் பணத்தில் முன்விளக்கு. சாலையோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருக்கும் டிரெய்லரில் மோதாமல் இருக்க இது அவசியம். பணம் போதவில்லையா? வீட்டில் இருக்கும் எல்.இ.டி. டார்ச்சைப் பழைய டியூப் துண்டால் ஹேண்டில்பாரில் கட்டினாலும் போதும். வெளிச்சம் இருபது, முப்பது அடி தூரத்தில் தரையில் விழும்படி சாய்த்துக் கட்டுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அதுவே ஆபத்து.

பழைய சைக்கிளில் டைனமோ நன்றாக இருந்தால் கழற்றி எறிய வேண்டாம். செல் செலவு கிடையாது. ஆனால், சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். டயர் நனைந்தால் வழுக்கும். அதனால் பின்பக்கம் மட்டுமாவது செல்லில் எரியட்டும்.

செல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பொத்தான் செல் போடும் குட்டி விளக்குகள் விலை குறைவுதான். ஆனால், அந்தச் செல் எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்காது. டி.வி. ரிமோட்டுக்குப் போடும் செல்லில் எரிகிற விளக்கு சுலபம். வீட்டில் தினமும் சார்ஜ் போட முடியும் என்றால் யு.எஸ்.பி. விளக்கு மிச்சம். சார்ஜ் துளையை மூடும் ரப்பர் இறுக்கமாக இருக்க வேண்டும். காத்திவாக்கத்து உப்புக்காற்றில் செல்லின் முனைகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். முனைகளில் லேசாக வாசலின் தடவி வைத்தால் நாள்பட உழைக்கும்.

எந்த விளக்கு இருந்தாலும், திரும்புகிற டிரெய்லரின் இடப்பக்கம் போய் நிற்கக் கூடாது. அந்த இடம் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாது.

விளக்கு மாட்டிய அன்று இரவே, பெட்டியைக் கட்டி சைக்கிளைத் தெருவில் நிறுத்துங்கள். நூறு அடி பின்னால் போய், தரையில் குந்தி ஒரு முறை, நின்று ஒரு முறை பாருங்கள். இரண்டு முறையும் சிவப்பு தெரியவில்லை என்றால் விளக்கு இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.