மணல்மேட்டுக்கு ஒரு பக்கம்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் கேரவன் பயணம் என்றாலே யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று எழுதுபவர்கள் நெப்ராஸ்காவின் மணல்மேடுகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் புல் போர்த்திய மணற்குன்றுகள்! 2ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவருக்குப் பேச்சுத்துணை, பக்கத்திலேயே ஓடும் சரக்கு ரயில்தான்.

மேய்ச்சல் நிலத்தில் நீரிறைக்கும் காற்றாடி சுழலச் சுழல, ஒகலாலா எனும் நிலத்தடி நீர்ப்படுகையின் நீர் தகரத் தொட்டியில் கொட்டுகிறது. மாடுகள் சுற்றி நிற்கின்றன. ஹால்சி என்ற ஊர் அருகே 1902இல் நிலம் ஒதுக்கி, கையாலேயே நட்டு வளர்த்த காடு உண்டு. அங்கே வண்டியை நிறுத்தித் தங்கலாம்.

பெட்ரோல் பங்க் மட்டும் எட்ட எட்டத்தான். சாலையோரம் இறங்கினால் சக்கரம் மணலில் புதையும். வேலிக்கு அப்பால் பெரும்பாலும் தனியார் பண்ணை.

அடுத்த பயணச் சிறப்பிதழில் இந்த மணல்மேடுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமே?

– ஒரு வாசகர்