கேப் புக் பண்றீங்களா? ஒரு நிமிஷம்!

பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணினா, உங்களைப் பத்தி போலீஸ் விசாரிக்கும். உங்களை ஏத்திட்டுப் போற கேப் டிரைவரை யார் விசாரிச்சாங்க?

2014 டிசம்பர், டெல்லி. உபர் காரில் போன இளம்பெண்ணை டிரைவரே பாலியல் வன்கொடுமை செய்தார். அவர் மேல ஏற்கெனவே கேஸ்கள் இருந்துச்சு. கையில இருந்த போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழோ போலி! கொடுத்ததா சொல்ற இடத்துல ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே குட்டு உடைஞ்சிருக்கும். 2015-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது.

ஆக, சான்றிதழை வாங்கறது வேற, சரிபார்க்கிறது வேற. அது கம்பெனியோட வேலை. உங்க வேலை? வண்டி நம்பர், டிரைவர் போட்டோ ரெண்டும் ஆப்ல இருக்கறதோட ஒத்துப்போகலைன்னா ஏறாதீங்க. கிளாஸுக்கு லேட்டானா ஆகட்டும் பாஸ்!