நாண் அறுந்த சொல்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் முக்கோணவியல் பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு, “சைன் என்றால் என்னப்பா?” என்று கேட்டாள். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வருவது என்றேன். “அது கணக்கிடும் முறை. சொல்லுக்குப் பொருள் என்ன?” என்றாள். தமிழ் கற்பிப்பவனாகிய எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது.

வட்டத்தின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டை நாண் என்றும் நம் பாடநூல்கள் சொல்கின்றன. வடமொழியிலும் இதே உருவகம்தான். நாணுக்கு அங்கே ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்று பெயர். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் முழு நாணை விடுத்துப் பாதி நாணைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டார். நாளடைவில் ‘பாதி’ என்ற அடைமொழி உதிர்ந்து ‘ஜ்யா’ மட்டும் நின்றது.

அரபியர் அதை ‘ஜீபா’ என ஒலிபெயர்த்தனர். உயிர்க்குறிகள் இன்றி எழுதப்பட்ட அச்சொல்லைப் பின்வந்தோர், தமக்குப் பழகிய ‘ஜைப்’ என்று வாசித்தனர். அதற்கு ஆடையின் மார்பு மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள், மடிப்பு, வளைவு எனப் பொருள்படும் ‘சைனஸ்’ என்ற சொல்லை அங்கே இட்டனர். மூக்கடைப்புக்கு மருத்துவர் சொல்லும் சைனஸும் இதுவே. நம் சட்டையின் ஜேபியோ அந்த அரபு ‘ஜைப்’பின் வழிவந்தது.

ஆகவே ‘சைனை’ அகற்றிவிட்டுத் தமிழ்ச்சொல் ஆக்குவோம் என்று நான் வாதாட வரவில்லை. உலகம் முழுதும் புழங்கும் சொல், இருக்கட்டும். கலைச்சொல் விவாதங்களில் நாம் ஆக்கமா ஒலிபெயர்ப்பா என்று மட்டுமே பூசலிடுகிறோம். சொல்லின் வரலாற்றை மாணவருக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை. வடிவியல் பாடத்தில் நாண் இருக்கிறது, முக்கோணவியல் பாடத்தில் சைன் இருக்கிறது. இரண்டும் உறவினர் என்று சொல்ல ஒரு பத்தி போதும். பொருள் தெரியாத சொல்லை மனப்பாடம் செய்யும் பிள்ளை, கணிதத்தையும் மனப்பாடம் என்றே எண்ணிக்கொள்கிறது. கலைச்சொல் கணித ஆசிரியர் பாடு என்று ஒதுங்கிக்கொண்ட தமிழாசிரியர்களுக்கும் இப்பிழையில் பங்குண்டு.

அன்றிரவு ஓர் அலகு ஆரமுள்ள வட்டம் வரைந்து, நாணை இழுத்து, மையத்திலிருந்து அதற்குச் செங்குத்தும் வரைந்து காட்டினேன். மையக் கோணத்தின் பாதிக்குரிய சைன், அந்த நாணின் பாதியாக நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றாள்.