சேரிப் பணத்தில் ஸ்டேடியம்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில்தான் என்று 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் முடிவு செய்துவிட்டார்கள். அடுத்து 2036 ஒலிம்பிக்ஸும் வேண்டும் என்று இந்தியா கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் பையன்கள் பலர் தேசியக் கொடியோடு ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். வைக்கட்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் கிரிக்கெட் டீமோ வாலிபால் டீமோ இல்லாத காலனி எது? விளையாட்டை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தோழர்களே, இந்த நாடு கடைசியாகக் காமன்வெல்த் போட்டி நடத்தியபோது யாருடைய பணத்தில் கைவைத்தது என்பதைத் தெரிந்துகொண்டு ஸ்டேட்டஸ் வையுங்கள்.

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை டெல்லியில் அந்தப் போட்டி நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், ஹவுசிங் அண்ட் லேண்ட் ரைட்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு ஆர்டிஐ மூலம் வாங்கிய கணக்கை வெளியே வைத்தது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு நிதியிலிருந்து சுமார் 744 கோடி ரூபாயை டெல்லி அரசு காமன்வெல்த் வேலைகளுக்குத் திருப்பிவிட்டிருந்தது. தலித் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன, நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்தது. ஆகஸ்ட் 31 அன்று மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், ஏறத்தாழ 678 கோடி திருப்பிவிடப்பட்டது உண்மைதான், அது தவறு, திருப்பித் தரப்படும் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தப் போட்டி தொடர்பான ஊழல் வழக்குகளில் பெரிய தலைகள் கைதானதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதெல்லாம் கான்ட்ராக்ட் வழக்கு. நம் பணத்தை எடுத்ததற்காக ஒரு அதிகாரிக்கும் கைவிலங்கு விழவில்லை. விழாது. ஏனென்றால் அது சட்டப்படி குற்றமே இல்லை. சிறப்புக்கூறு திட்டம் 1979-80இல் தொடங்கியது. அந்த நிதியை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது, செலவாகாவிட்டால் காலாவதியாக விடக்கூடாது என்று திட்டக்குழு எழுதிவைத்திருந்தது. ஆனால் அது வெறும் வழிகாட்டுதல். மீறினால் தண்டனை என்று ஒரு வரியும் கிடையாது.

எடுத்த விதத்தையும் பாருங்கள். யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஸ்டேடியம் எல்லோருக்கும்தானே, எஸ்சி மக்களும் அதில் வந்து உட்காருவார்கள்தானே, ஆகவே அந்தச் செலவில் அவர்கள் பங்கு இவ்வளவு என்று பேப்பரில் பிரித்து எழுதினால் போதும். மேம்பாலமா, அதில் எஸ்சியும் போவார். தெருவிளக்கா, அதன் வெளிச்சம் எஸ்சி மேலும் விழும். சுடுகாட்டுப் பாதைக்குக் கேட்டால் நிதி இல்லை, மேம்பாலத்தின் நிழலில் மட்டும் நமக்குப் பங்கு உண்டு! இது டெல்லிக்காரர்களின் தனித் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். கர்நாடகம் 2013இல் சிறப்புக்கூறு நிதிக்கென்று சட்டமே போட்டது. அதற்குள்ளேயே 7(டி) என்று ஒரு பிரிவை வைத்து, பொதுக் கட்டுமானச் செலவில் ஒரு பகுதியை எஸ்சி, எஸ்டி செலவாகக் காட்டிக்கொள்ள வழி செய்தது. அந்த ஓட்டையை அடைக்க 2023 வரை ஆனது.

பணம் நம்முடையது மட்டுமில்லை, முதுகும் நம்முடையதுதான். 1982 டெல்லி ஆசியப் போட்டியை அப்பு என்ற யானைக்குட்டியோடு நினைவு வைத்திருப்பவர்கள், அந்த வருடம் செப்டம்பர் 18 அன்று வந்த தீர்ப்பை நினைவு வைத்திருப்பதில்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகள் அதைத் தேடிப் படியுங்கள்: மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான யூனியன் எதிர் இந்திய ஒன்றியம். ஆசியப் போட்டிக் கட்டுமானத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமாதார் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 8.25 கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய். 14 வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான் என்று நீதிபதி பகவதி எழுதினார். தீண்டாமையைத் தடுக்கும் 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23, குழந்தை உழைப்பைத் தடுக்கும் 24 ஆகிய பிரிவுகள் தனியார் மீதும் பாயும், மீறல் நடந்தால் கான்ட்ராக்டரைக் கைகாட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் வருகிறது. இந்தியாவில் பெரிய விளையாட்டு விழாவைப் பற்றி எழுதப்பட்ட மிக நல்ல சட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். அதை எழுதியது நாடாளுமன்றம் இல்லை. தொழிலாளிகளைப் போய்ப் பார்த்துவந்தவர்கள் சொன்னதை வைத்து ஒரு அமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பிய கடிதத்தில் பிறந்தது அது.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979இல் வந்த தனிச் சட்டத்தையும் அந்த வழக்கில் பேசினார்கள். இன்று அந்தச் சட்டம் தனியாக இல்லை. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தபோது அதில் கரைந்துவிட்டது. அகமதாபாத் அறிவிப்புக்கு ஐந்து நாள் முன்பு.

இப்போது புதுச் சட்டத்துக்கு வருவோம். தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், 2025 ஆகஸ்டில் இரண்டே நாளில் இரு அவைகளையும் தாண்டியது. தேசிய விளையாட்டு வாரியம் வருகிறது, தீர்ப்பாயம் வருகிறது, சங்கங்களின் தேர்தலுக்கும் பதவி வயதுக்கும் விதி வருகிறது. நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும். நல்லதுதான், பெண்கள் போராடி வாங்கிய இடம். பட்டியல் சாதிக்கு, பழங்குடிக்கு எத்தனை இடம்? பூஜ்யம். போட்டி நடத்தும்போது எந்த நிதியைத் தொடக்கூடாது என்று ஒரு பிரிவாவது? கிடையாது. மசோதா முதலில் வந்தபோது அங்கீகாரம் பெற்ற எல்லா விளையாட்டுச் சங்கங்களும் ஆர்டிஐக்குக் கீழ் வரும் என்றிருந்தது. அதைத் திருத்தி, அரசு நிதி வாங்குகிற சங்கம் மட்டும் பதில் சொன்னால் போதும் என்று ஆக்கினார்கள். யாருக்காக என்று கேட்கத் தேவையில்லை. அரசு மானியம் தேவைப்படாத பணக்காரச் சங்கம் ஒன்றுதான் இருக்கிறது, அது கிரிக்கெட் வாரியம். 2018இல் மத்திய தகவல் ஆணையம் பிசிசிஐயும் பதில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தக் கதவை இந்தத் திருத்தம் சாத்திவிட்டது.

இதனால் நமக்கென்ன என்று பாகூரில் ஒரு தம்பி கேட்கலாம். வில்லியனூர்ப் பக்கம் துத்திப்பட்டில் புல்தரை, விளக்குக் கோபுரம் எல்லாம் வைத்த கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2018-19 முதல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பை ஆடுகிறது. அந்த முதல் பருவத்திலேயே எட்டு ஆட்டக்காரர்களின் பதிவை பிசிசிஐ ரத்து செய்தது, உள்ளூர்த் தகுதி பற்றிய கேள்வியில். அன்றிலிருந்து வெளியாட்கள் பிரச்சினையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அந்த உள்ளூரில் சேரியிலிருந்து எத்தனை பேர் தேர்வு முகாமுக்காவது கூப்பிடப்பட்டார்கள்? எந்தச் சங்கத்தின் மேலும் நான் பழி போடவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையைச் சட்டம் அவர்கள் மேல் வைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 2014 உலகக் கோப்பைக்காக பிரேசில் 2012இல் தனிச் சட்டமே போட்டது. ஸ்டேடியத்தைச் சுற்றி 2 கிலோமீட்டர் வரை ஃபிஃபாவின் ஸ்பான்சர்களுக்கு வியாபார உரிமை. சால்வடோர் நகரில் தலைமுறை தலைமுறையாக அக்கராஜே என்ற பயறு வடை சுட்டு விற்றுவந்த கறுப்பினப் பெண்கள் ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அவர்கள் சும்மா இருக்கவில்லை. போராடி, ஸ்டேடியத்தில் விற்கும் உரிமையை வாங்கினார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் கடை போடுகிற பெண்களுக்கு அந்தக் கதை புரியும். பெரிய போட்டிக்கென்று எழுதப்படும் சட்டங்கள் ஸ்பான்சரைக் காக்கின்றன, ஒளிபரப்பைக் காக்கின்றன, சின்னத்தைக் காக்கின்றன. வடை சுடுகிறவளைக் காக்க அவளேதான் வர வேண்டியிருக்கிறது.

கீழே வந்தால் இன்னும் மோசம். ஏப்ரல் 14க்குக் காலனிப் பையன்கள் ஒரு டென்னிஸ் பால் டோர்னமென்ட் வைக்க வேண்டுமானால் என்ன பாடு? மைக்குக்கு அனுமதி, பேனருக்கு அனுமதி, ஊர்ப் பெரியவர்கள் ஒப்புதல், பிறகு "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும் தம்பி" என்ற அறிவுரை. பிரச்சினை பண்ணுகிறவனை விட்டுவிட்டு விளையாடுகிறவனைத் தடுப்பது எந்தச் சட்டம்? பொதுப் பணத்தில் பராமரிக்கும் பொது இடங்களில் சாதியால் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்கிறது. பொதுக் கேளிக்கை இடத்திலோ வேறு பொது இடத்திலோ நுழைய விடாமல் தடுப்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. ஊர் கிரவுண்டில் ஸ்டம்ப் நடும்போது இந்த இரண்டையும் போனில் வைத்திருங்கள். நாட்டுக்காக ஆடினாலும் சாதி விடாது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஹாக்கி அரையிறுதி தோற்றதும் ஹரித்வார் பக்கம் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சாதி சொல்லித் திட்டிப் பட்டாசு வெடித்தார்கள். ஒலிம்பிக்ஸில் ஹாட்ரிக் கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்.

சரி, இதையெல்லாம் கொம்யூனில் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு வில்லியனூர் கொம்யூனிலும் பாகூர் கொம்யூனிலும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு உறுப்பினர்கூட இல்லை, தனித் தொகுதி வார்டு உறுப்பினரும் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. 2011 கணக்கெடுப்புப்படி யூனியன் பிரதேசத்தில் நாம் 1,96,325 பேர், நூற்றுக்குப் பதினாறு. அந்தப் பதினாறின் பங்கு எங்கே போகிறது என்று கைநீட்டிக் கேட்க ஊரில் ஒரு நாற்காலி இல்லை. தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. அதில் குறை சொல்ல நிறைய உண்டு, ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புதுச்சேரிக்கு அதுவும் இல்லை.

ஆகவே கோரிக்கை இதுதான். புதுச்சேரி சட்டப்பேரவை சிறப்புக்கூறு நிதிச் சட்டத்தை இயற்ற வேண்டும். அதில் விளையாட்டு விழா, ஸ்டேடியம், சாலை அழகுபடுத்தல் என்ற பெயர்களில் ஒரு ரூபாயும் எழுதக்கூடாது என்று வெளிப்படையாக இருக்க வேண்டும், எழுதினால் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குத் தண்டனையும் இருக்க வேண்டும். ஒன்றிய அளவில் 2030க்கு ஏதாவது தனிச் சட்டமோ ஆணையோ வந்தால் அதிலும் இதே பிரிவு. நம் காலனிக்குள், நம் பிள்ளைகள் ஆட மைதானம் கட்டினால் அதைச் சிறப்புக்கூறு செலவு என்று எழுதட்டும், யார் வேண்டாம் என்றார்?

கோரிக்கை மனுவுக்கு முன்னால் கணக்கு வேண்டும். பட்ஜெட் புத்தகத்தில் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு நிதிக்குத் தனி எண் உண்டு: 789. விளையாட்டு, இளைஞர் நலத்துக்கான தலைப்பு 2204, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு 4202. இந்த இரண்டு தலைப்புகளின் கீழும் 789 என்று எங்கெல்லாம் வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ போடுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் 789இல் விளையாட்டுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த ஊரில், எந்தத் தெருவில், வேலை உத்தரவின் நகல் எங்கே. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்க மறக்காதீர்கள், அங்கேதான் பொய் மாட்டும். "அது எங்கள் துறை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் வாங்காதீர்கள். 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஊர்வாரியாக இங்கே போட்டுவிடலாம்.

ஜெய்பீம்.