சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு மயக்க மருந்து



சிறுநீரகம் நாள்பட்டுக் கெட்டுப்போன பிள்ளைக்கு ஆபரேஷன் என்றதும், "மயக்க ஊசி போட்டா புள்ள கண்ணு முழிக்குமா, ஐயா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. பல மருந்துகளின் கழிவு சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிறுநீரகம் பழுதானால் அது உடம்பிலேயே தேங்கும்.

வலிக்குப் போடும் மார்ஃபின் அப்படித் தேங்கினால் பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கும், மூச்சும் குறையும். பெத்திடின் தேங்கினால் வலிப்பு வரலாம். தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடும். ஏற்கனவே அது கூடியுள்ள பிள்ளைக்கு இருதயத் துடிப்பு தடுமாறும்.

இதெல்லாம் மயக்க டாக்டருக்குத் தெரியும். சிறுநீரகத்தை நம்பாமல் இரத்தத்திலேயே சிதையும் அட்ராகூரியம் போன்ற மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். மற்றவற்றின் அளவைக் குறைப்பார். அவருக்குத் தெரியாதது நம் வீட்டில் நடப்பதுதான். என்ன மாத்திரை கொடுத்தீர்கள், நேற்று எவ்வளவு நீர் போனது, யார் கொடுத்த நாட்டு மருந்து என்பதை நாம் சொன்னால்தான் உண்டு. 'சூடு தணியட்டும்' என்று கொடுத்த இளநீரையும் சொல்லுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம். பெலிம்பிங் பழமோ இந்தப் பிள்ளைகளின் மூளையையே தாக்கும், கொடுக்கவே கூடாது.

பட்டினியிலும் கவனம் தேவை. பொதுவாகப் பசும்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பத்திரி சொல்வதே கணக்கு. நிறைய நீர் கழிக்கும் பிள்ளையை விடிய விடியத் தண்ணீரில்லாமல் போட்டால் சிறுநீரகம் மேலும் கெடும்.

மயக்கத்துக்கு முந்திய பரிசோதனைக்குப் பாட்டியை அனுப்பிவிட்டு, பெற்றவர்கள் வேலைக்காட்டுக்குப் போவதைப் பார்க்கிறேன். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம். பாட்டிக்கு மாத்திரையின் பெயர் தெரியுமா? தினமும் மருந்து கொடுப்பவரே போக வேண்டும். அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு தருவதே நியாயம். இதைச் சங்கம் நிர்வாகங்களிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

வீடு திரும்பியபின், வலிக்கிறதென்று பெரியவர்களின் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மிச்சமுள்ள சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். எழுப்பியும் எழும்பாமல் பிள்ளை தூங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பரிசோதனை நாளன்று வீட்டிலுள்ள மருந்து அத்தனையையும், கிளினிக் கார்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். வெட்கப்படாமல் டாக்டரின் மேசைமேல் கொட்டிக் காட்டுங்கள்.