இறக்கினால் மட்டும் போதுமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வாங்கியவர் முதலில் என்ன செய்வார்? என்ஜினைச் சரி பார்ப்பார். பெயின்ட் அடிப்பார். அடுத்து, காரைத் தரையோடு தரையாக இறக்குவார்! அதற்காகப் பலரும் வாங்குவது அட்ஜஸ்டபிள் காயில்ஓவர் சஸ்பென்ஷன். நல்ல பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்குகிறவர்களில் பலர் அதை உயரம் குறைக்கும் கருவியாக மட்டுமே பார்க்கிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டாட்சன் 240இசட் காரை எடுத்துக்கொள்வோம். 1969-ல் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகமானது. அமெரிக்காவில் 240இசட் என்ற பெயரில் 3,526 டாலருக்கு விற்றது. ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் என்ஜின், ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் எடை, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அந்த விலைக்கு அன்று அது பெரிய விஷயம்.

இந்தக் காரில் முன்னும் பின்னும் ஸ்ட்ரட்தான். அதாவது ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அப்படிப் பார்த்தால் கம்பெனியில் இருந்து வரும்போதே அது ஒரு காயில்ஓவர்தான்! வித்தியாசம் எங்கே? ஸ்பிரிங் உட்காரும் தட்டு குழாயோடு வெல்டு செய்யப்பட்டிருக்கும், நகராது. அதை அறுத்து எடுத்துவிட்டு, மரை போட்ட ஒரு உறையை மாட்டி, அதில் திருகி ஏற்றி இறக்கும் வளையத்தை வைப்பதுதான் வழக்கமான மாற்றம்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. வளையத்தை மேலே திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 225 கிலோ. ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4.5 கிலோ வேண்டும் என்றால், அது 50 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். வளையத்தை 10 மில்லிமீட்டர் ஏற்றினாலும் எடை அதே 225 கிலோதானே? ஸ்பிரிங் அதே 50 மில்லிமீட்டர்தான் அமுங்கும். கார் 10 மில்லிமீட்டர் உயரும், அவ்வளவுதான். கடினம் வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங்தான் போட வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கு ஈடு கொடுக்கும் ஷாக்கும் வேண்டும்.

சரி, இறக்கினால் என்ன ஆகும்? பழைய நீளத்திலேயே ஷாக்கை வைத்துக்கொண்டு 50 மில்லிமீட்டர் இறக்கினால், அது அமுங்க வேண்டிய தூரத்தில் 50 மில்லிமீட்டர் போய்விட்டது. அடுத்த பள்ளத்தில் "டங்" என்று ரப்பர் தடுப்பில் போய் முட்டும். திருப்பத்தில் அப்படி முட்டினால் சக்கரத்தின் பிடிமானம் சட்டென்று போகும். அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் குழாயையும் வெட்டிக் குட்டையாக்கி, குட்டையான ஷாக்கைப் போடுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. கார் இறங்க இறங்க, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் சாய்வு மாறுகிறது. உடலைச் சாயவைக்கும் விசைக்கு நெம்புகோல் நீளம் கூடுகிறது. அதாவது தாழ்ந்த கார், அதே ஸ்பிரிங்கில், திருப்பத்தில் முன்பைவிட அதிகமாகச் சாயலாம்! ஸ்டியரிங் கம்பியின் கோணமும் கெட்டு, மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்ட்ரட்டுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து இதை ஓரளவு சரிசெய்யலாம். எத்தனை பேர் வைக்கிறார்கள்?

உண்மையில் "அட்ஜஸ்டபிள்" என்பதன் அர்த்தம் சாலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கப் பந்தயத் தடங்களில் ஜான் மார்ட்டன் 240இசட்டை ஓட்டி சி புரொடக்‌ஷன் பட்டம் வென்றார். அந்தக் கார் தாழ்வாக இருந்தது. அதே மாடல் 1971-லும் 1973-லும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது. 1973-ல் ஓட்டியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஷேகர் மேத்தா. சேற்றிலும் கல்லிலும் ஓட வேண்டிய அந்தக் காரைத் தரையோடு இறக்கியிருந்தால் கதை என்னவாகியிருக்கும்?

இனி பணக் கணக்கு. 2020 ஜனவரியில் அதிகம் ஓடாத, அசல் நிலையில் இருந்த 1971 மாடல் ஒன்று ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனது. எல்லா 240இசட்டும் அந்த விலை பெறாது, சரி. ஆனாலும் சந்தை அசலுக்கு விலை கொடுக்கிறது என்பது தெளிவு. போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றலாம். வெட்டியதை? அதனால் அசல் ஸ்ட்ரட்டை வெட்டவே கூடாது. பழைய உபரி ஸ்ட்ரட் ஒரு செட் வாங்கி அதை வெட்டலாம், அல்லது வெட்டாமல் முழுதாக மாட்டும் கிட் வாங்கலாம். அசலை எண்ணெய் தடவிப் பரணில் வைத்துவிடலாம். கூடுதல் செலவுதான், ஆனால் அது ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி.

"பழைய காரில் கை வைப்பதே பாவம்" என்பவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது வருடமாகக் காய்ந்து வெடித்த ரப்பர் புஷ்ஷும் எண்ணெய் கசியும் ஷாக்கும் அசல் அல்ல, ஆபத்து! மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் துருவைப் பார்க்க வேண்டும், 240இசட்டின் பரம எதிரி அதுதான். துருப்பிடித்த பாடியில் கடின ஸ்பிரிங்கைப் போட்டால் அடி முழுவதும் பாடிக்குத்தான் விழும். பிறகு புஷ், பால் ஜாயின்ட், டயர். அதன் பிறகே காயில்ஓவர். மாட்டியபின் வீல் அலைன்மென்ட்டும், நான்கு தராசில் நிறுத்தி மூலை எடை சரிபார்ப்பதும் கட்டாயம். நாற்காலியின் ஒரு காலை உயர்த்தினால் மற்ற மூன்றும் ஆடுவது போல, ஒரு வளையத்தைத் திருகினால் நான்கு சக்கரங்களின் சுமையும் மாறும்.

இதற்கெல்லாம் பணமில்லை என்றால் காயில்ஓவரைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். நல்ல சாதாரண ஷாக்கும் புது ரப்பரும் போட்ட கார், அரைகுறை காயில்ஓவர் போட்ட காரைவிட நன்றாகவே ஓடும். என்ன, நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்தால் கொஞ்சம் உயரமாகத் தெரியும். ஆனால் கார் ஓட்டத்தானே?