வேர்களையும் அளப்போம்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் விடியும் முன்பே பால் பாக்கெட்டுகள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. பால் விலை சிறிது உயர்ந்தாலும் விவாதிக்கும் நாம், உற்பத்திச் செலவில் பெரும்பங்கு வகிக்கும் தீவனத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

கால்நடைகளுக்குப் புரதம் தருபவை குதிரைமசால், வேலிமசால், முயல்மசால், காராமணி போன்ற பயறுவகைத் தீவனங்கள். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், இவற்றுக்கு யூரியா அதிகம் தேவையில்லை. ஆனால், மணிச்சத்து வேண்டும். அந்த உரத்துக்கும் அதன் மூலப்பொருளான பாறை பாஸ்பேட்டுக்கும் இந்தியா பெருமளவு இறக்குமதியையே நம்பியிருக்கிறது.

மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். வேரின் ஆழமும் பருமனும் வேர்த்தூவிகளின் நீளமும் ரகத்துக்கு ரகம் மாறுபடுகின்றன. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மரபுவழி வருவது என்பதால், அதைத் தேர்ந்தெடுத்துப் புதிய ரகங்களில் சேர்க்க முடியும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. ஆழமான வேர்களைக் கொண்ட ஐசிசி 4958 என்ற கொண்டைக்கடலை வகையிலிருந்து வறட்சியைத் தாங்கும் மரபணுப் பகுதியைப் பெற்று உருவாக்கப்பட்டதே 'பூசா கொண்டைக்கடலை 10216'. ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில், நுண்ணிய வேர்களும் நீண்ட வேர்த்தூவிகளும் கொண்ட செரடெல்லா என்ற பயறுவகைத் தீவனம், குறைந்த மணிச்சத்திலேயே நன்கு விளைகிறது.

ஆழமான வேரே எங்கும் சிறந்தது என்று கருதிவிடக் கூடாது. நீர் ஆழத்தில் இருக்கலாம்; மணிச்சத்தோ பெரும்பாலும் மேல்மண்ணில் இருக்கிறது. மண்ணுக்கேற்ற வேர் வேண்டுமெனில், தேர்ந்தெடுக்கப் பல வகைகள் கைவசம் இருக்க வேண்டும். மழை குறைந்த கொங்குப் பகுதியின் கொறங்காடுகளிலும் தமிழகத்தின் புன்செய்களிலும் தானே முளைக்கும் நரிப்பயறு போன்றவை அத்தகைய செல்வங்கள். மேய்ச்சல் நிலம் அழியும்போது அவையும் அழிகின்றன.

வேரைத் தோண்டிக் கழுவி அளப்பது கடினமான, செலவு மிகுந்த பணிதான். ஆயினும், பசுந்தீவன எடையை மட்டும் பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுத்தால், உரமும் நீரும் குறையும் நிலத்தில் அவை கைகொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அடையாறை அடுத்த தரமணியில் 1988-இல் எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கொல்லிமலையின் பாரம்பரியச் சிறுதானியங்களைக் காக்க அங்குள்ள உழவர்களோடு இணைந்து பணியாற்றியது. அதே அக்கறை தீவனப் பயறுகளுக்கும் தேவை. விதைகளைச் சேகரிப்பதும், ரகத் தேர்வில் வேரின் பண்புகளைச் சேர்ப்பதும் அரசின் தீவன வளர்ச்சித் திட்டங்களில் இடம்பெற வேண்டும். நகரத்தின் பால் குவளை நிறைவது கிராமத்து மண்ணின் அடியில்தான் தொடங்குகிறது.